தொங்கும் சக்கரத்தோடு புஷ் போல்ட்டை இறுக்காதீர்கள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். 1996-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் ஈ220, ஆட்டோமேட்டிக் கியர். பிரேக் பிடித்தால் முன்பகுதி ஒரு பக்கமாக இழுக்கிறது. ரிவர்ஸ் போட்டதும் பின்சீட்டுக்கு அடியில் 'தொம்' என்று ஓர் இடி கேட்கிறது. பின் டயர்கள் உள்விளிம்பில் தேய்ந்துவிட்டன. பட்டறையில் "எல்லாப் புஷ்ஷையும் எடுத்துவிட்டு பாலியூரித்தேன் போட்டுவிடலாம், வாழ்நாளுக்கும் கவலை இல்லை" என்கிறார்கள். செய்யலாமா, எப்படி, எந்த வரிசையில் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

புஷ் (சக்கரத்தைப் பிடிக்கும் தண்டுகளின் முனையில் இருக்கும் ரப்பர்ப் பாகம்) மாற்றுங்கள். பாலியூரித்தேன் (ரப்பரைவிடக் கெட்டியான செயற்கைப் பொருள்) வேண்டாம். எந்தப் புஷ்ஷை மாற்றினாலும் அதன் போல்ட்டைக் கார் தன் சக்கரங்களில் நிற்கும் உயரத்தில்தான் கடைசியாக இறுக்க வேண்டும். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், கடைசியாகச் சொன்னதை வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பாகங்கள் வாங்கிய பலர் கோட்டை விடும் இடம் அதுதான்.

புஷ் என்றதும் பலரும் ஒரு துளைக்குள் தண்டு சுழல்வதாக நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் காரில் இருப்பது அந்த வகை இல்லை. வெளியே ஓர் இரும்புக் குழாய், உள்ளே இன்னொரு குழாய், இரண்டுக்கும் நடுவில் ரப்பர். ரப்பர் இரண்டு குழாய்களோடும் ஒட்டி வார்க்கப்பட்டிருக்கிறது. வெளிக்குழாய், சக்கரத்தைக் காரோடு இணைக்கும் ஆர்மின் துளைக்குள் அழுத்திப் பொருத்தப்படுகிறது. உள்குழாயைப் போல்ட் இறுகப் பிடித்துச் சப்ஃப்ரேமோடோ (சஸ்பென்ஷனைத் தாங்கும் துணைச் சட்டம்) கார் உடலோடோ சேர்த்துவிடுகிறது. ஆக, அங்கே எதுவும் சுழல்வதில்லை. சக்கரம் மேலும் கீழும் போகும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு கொடுக்கிறது, பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது. சொல்லப்போனால் அது ஒரு சின்ன ஸ்பிரிங்.

இனிக் கணக்கைப் பாருங்கள். ஆர்மின் நீளம் 35 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். காரை லிஃப்டில் தூக்கினால் சக்கரம் 9 செ.மீ. கீழே தொங்குகிறது. ஆர்ம் ஏறத்தாழ 15 டிகிரி சாய்ந்துவிடும். அந்த நிலையில் போல்ட்டை இறுக்கினால், ரப்பருக்கு அதுவே 'சும்மா இருக்கும்' நிலை ஆகிவிடுகிறது. காரைக் கீழே இறக்கியதும் ரப்பர் 15 டிகிரி முறுக்கோடு நிற்கிறது, அதுவும் இரவு பகலாக, ஓடாமல் நிற்கும்போதும். பள்ளத்தில் விழுந்து சக்கரம் மேலே ஏறும்போது அந்த முறுக்கு இன்னும் கூடுகிறது. ஒட்டு விட்டுப்போகும் அல்லது ரப்பர் கிழியும். அதுவரையில் கார் சற்று உயரமாக நிற்கும், விறைப்பாக ஓடும். "புதுசு போட்டபின் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும், பழகிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

இது எனக்கே நடந்தது. பல ஆண்டுகளுக்கு முன் இதே டபிள்யூ124 (உங்கள் ஈ220 சேர்ந்த மாடல் வரிசை) வகைக் காருக்கு முன் லோயர் ஆர்ம் புஷ் நான்கையும் ஒரு பட்டறையில் மாற்றினேன். நல்ல பாகங்கள், நானே வாங்கிக் கொடுத்தவை. லிஃப்டில் வைத்தபடியே எல்லாவற்றையும் இறுக்கி, இறக்கி, சாவியைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை, இரண்டு புஷ்களில் உள்குழாயைச் சுற்றி ரப்பர் வட்டமாக வெட்டுப்பட்டிருந்தது. பாகம் போலி என்று அப்போது கோபப்பட்டேன். அடுத்த முறை அதே பெட்டி, அதே பாகம். போல்ட்டைக் கார் தரையில் நிற்கும்போது இறுக்கினோம். அவை வருடக்கணக்கில் உழைத்தன.

சரி, உங்கள் காருக்கு வருவோம். மெர்சிடிஸ் இந்தியாவில் முதலில் தயாரித்த கார் இதுதான். 1995-இல் புனேயில் டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) ஆலையில் தொடங்கியது. அடிப்படை வடிவமைப்பு இன்னும் பழையது: 1982-இல் வந்த மெர்சிடிஸ் 190 காரின் ஐந்து தண்டுப் பின் சஸ்பென்ஷனை 1984 இறுதியில் வந்த டபிள்யூ124 எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு பின்சக்கரத்தையும் ஐந்து தண்டுகள் பிடித்திருக்கின்றன. சுருள் ஸ்பிரிங்கைத் தாங்கும் பெரிய ஆர்ம் ஒன்று, மெல்லிய தண்டுகள் நான்கு. பக்கத்துக்குப் பத்து முனைகள், பெரும்பாலும் ரப்பர். இவை எல்லாம் சேர்ந்து ஒரு சப்ஃப்ரேமில் மாட்டப்பட்டு, அந்தச் சப்ஃப்ரேம் நான்கு பெரிய ரப்பர் மவுன்ட்கள் வழியாக உடலோடு இணைகிறது. பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குத் தனி மவுன்ட்கள். இவ்வளவு ரப்பரும் சரியான கெட்டித்தன்மையில் இருக்கும்போது இந்தக் கார் ஓடும் அழகே தனி. அதனால்தான் இதற்கு இவ்வளவு மெனக்கெடலாம் என்று சொல்கிறேன்.

ஆனால் 'எல்லாவற்றையும் மாற்று' என்று தொடங்காதீர்கள். உங்கள் மூன்று குறைகளுக்கும் புஷ் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை.

பிரேக்கில் இழுப்பதை எடுத்துக்கொண்டால், பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் ஒரு பக்கம் சிக்கிக்கொண்டாலும், பழைய பிரேக் ஹோஸ் உள்ளே வீங்கினாலும் இதேபோலத்தான் இழுக்கும். அவை காரணமில்லை என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். அடுத்து ஸ்டீயரிங்கின் ஐட்லர் ஆர்ம் புஷ். இந்தக் காரில் ராக் அண்டு பினியன் (பல்சக்கரமும் பல்தண்டும் கொண்ட ஸ்டீயரிங்) கிடையாது. ஸ்டீயரிங் பெட்டிக்கு எதிர்ப்பக்கத்தில் ஐட்லர் ஆர்ம் ஒன்று இருக்கிறது. அதன் புஷ் தேய்ந்தால் கார் நேர்கோட்டில் நிற்காமல் அலையும். சின்னப் பாகம், சின்ன வேலை. இதைப் பார்க்காமல் முன்பக்கம் முழுவதையும் அவிழ்த்தவர்கள் உண்டு.

'தொம்' என்ற இடிக்கு மூன்று சந்தேக நபர்கள்: சப்ஃப்ரேம் மவுன்ட், டிஃபரன்ஷியல் மவுன்ட், கியர்பாக்ஸிலிருந்து பின்னால் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் இரு முனைகளிலும் இருக்கும் ரப்பர் வட்டுகள். அந்த வட்டுகளில் போல்ட் துளைகளுக்கு நடுவே விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நடு பேரிங்கைத் தாங்கும் ரப்பரையும் கையால் அசைத்துப் பாருங்கள். எஞ்சின் மவுன்ட் உட்கார்ந்துபோனாலும் இடி வரும், ஆனால் அது முன்னாலிருந்து கேட்கும்.

புஷ்ஷைச் சோதிக்கும் முறையில்தான் அதிகத் தவறு நடக்கிறது. லிஃப்டில் தூக்கி, நீளமான கடப்பாரையால் நெம்பி, ரப்பர் அசைவதைக் காட்டி "பாருங்கள், போய்விட்டது" என்பார்கள். ரப்பர் அசையத்தான் செய்யும், அதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது. பார்க்க வேண்டியது வேறு. உள்குழாய் நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டதா? ரப்பர் குழாயை விட்டுப் பிரிந்து, அந்த இடத்தில் நெம்பும்போது கறுப்பு இடைவெளி திறந்து மூடுகிறதா? இரும்பும் இரும்பும் உரசிய பளபளப்புத் தெரிகிறதா? மேற்பரப்பில் மெல்லிய வெடிப்பு மட்டும் இருந்தால் அது வெயிலும் வயதும். அதற்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை. எண்ணெய் ஊறிப் பொதபொதவென்று உப்பியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும், ஆனால் எண்ணெய் ஒழுகும் இடத்தை முதலில் அடைத்துவிடுங்கள். ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சொட்டும் எண்ணெய்க்குக் கீழே புதுப் புஷ் போடுவது காசைக் கரைப்பது.

இன்னொரு சோதனை நம்பகமானது. காரைச் சமதரையில் நிறுத்துங்கள். நம்பிக்கையான ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை நன்றாக அழுத்திக்கொண்டு டி-க்கும் ஆர்-க்கும் மாற்றி மாற்றி மிக லேசாக ஆக்சிலரேட்டர் கொடுக்கட்டும். நீங்கள் பக்கவாட்டில், எட்ட நின்று பின்சக்கரத்தைப் பாருங்கள்; காருக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. மட்கார்டின் விளிம்போடு ஒப்பிட்டால் சக்கரம் எவ்வளவு முன்பின் நகர்கிறது என்பது தெரியும். இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தாவினால் அந்தப் பக்கத்துத் தண்டுகளில் கோளாறு. இரண்டும் சேர்ந்து நகர்ந்து, கூடவே இடியும் கேட்டால் சப்ஃப்ரேம் மவுன்ட்கள் மீது சந்தேகம் வலுக்கிறது.

பின் டயரின் உள்விளிம்புத் தேய்மானம் பெரும்பாலும் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணம்) கெட்டுப்போனதால்தான் வருகிறது. கார் உட்கார்ந்துபோய் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) கூடியிருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். புஷ் தளர்ந்தால் நிற்கும்போது ஒரு டோ, ஓடும்போது வேறொரு டோ. ஆகவே இப்போதே அலைன்மென்ட் செய்து பயன் இல்லை.

பாலியூரித்தேன் ஏன் வேண்டாம் என்கிறேன்? அது ரப்பரைப் போல ஒட்டி வார்க்கப்பட்டதல்ல. உள்குழாய் அதற்குள் சுழல வேண்டும். அதற்குச் சிலிக்கான் கிரீஸ் வேண்டும், அது தீர்ந்தால் கிறீச்சிடும். ஒரே அச்சில் மட்டும் அசையும் ஆர்முக்கு அது பொருந்தும். ஐந்து தண்டுச் சஸ்பென்ஷனில் ஒவ்வொரு தண்டும் மேலும் கீழும் போகும்போது சற்றுத் திரும்பவும் சாயவும் வேண்டியிருக்கிறது. ரப்பர் எல்லாத் திசையிலும் கொடுக்கும். கெட்டியான பாலியூரித்தேன் கொடுக்காமல் முரண்டுபிடிக்கும், அந்தச் சுமை தண்டின் மீதும் அது மாட்டிய காதின் மீதும் விழும். சப்ஃப்ரேம் மவுன்ட்டில் அதைப் போட்டால் டிஃபரன்ஷியலின் முனகலும் சாலையின் ஒலியும் நேராக உள்ளே வரும். பந்தயத் தடத்தில் ஓட்டுபவருக்கு இது சரியான பண்டமாற்று. நம் சாலையில், வேகத்தடைகளுக்கு நடுவே, குடும்பத்தோடு போகும் காருக்கு இல்லை. ஆசை தீர வேண்டுமானால் திருப்பத்தில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரைப் பிடிக்கும் புஷ்களில் மட்டும் போட்டுப் பாருங்கள்.

பாகம் வாங்குவதில் என் தேர்வு இது. பின்பக்கத்து மெல்லிய தண்டுகளைப் புஷ்ஷோடு முழுதாக வாங்குங்கள். பழையதில் புஷ் அழுத்தும் கூலியும் நேரமும் அதற்குச் சமமாகிவிடும். முன் லோயர் ஆர்மில் பால் ஜாயின்ட்டும் (உருண்டை மூட்டு) அழுத்திப் பொருத்தப்பட்டதுதான். அதுவும் ஆடினால் முழு ஆர்மாக வாங்குங்கள். பால் ஜாயின்ட் நன்றாக இருந்து, ஆர்ம் வளையாமல் துருவின்றி இருந்தால் புஷ் மட்டும் போதும். லெம்ஃபோர்டர் போல மெர்சிடிஸுக்கே பாகம் செய்து கொடுத்த நிறுவனத்தின் பொருள் கிடைத்தால் அதை எடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டையில் பழைய ஆர்ம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடுகிறார்கள். ஆர்ம் இரும்பு, அது நன்றாக இருக்கலாம். அதிலுள்ள ரப்பருக்கும் உங்கள் காரிலுள்ள ரப்பரின் வயதுதான். பெட்டி பிரிக்காத பாகமாக இருந்தாலும் தயாரித்த ஆண்டைத் தேடிப் பாருங்கள். சூடான பரணில் பதினைந்து ஆண்டு கிடந்த ரப்பர் புதியது ஆகாது. எதை மாற்றினாலும் இடம் வலம் இரண்டிலும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிய ரப்பர், மறுபக்கம் தளர்ந்த ரப்பர் என்றால் பிரேக்கில் இழுப்பது போகாது.

வேலைக்குள் போகுமுன் ஓர் எச்சரிக்கை. இதைச் சொல்லாமல் இந்தப் பதிலை அனுப்ப எனக்கு மனம் வராது. பெரும்பாலான கார்களில் முன் சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தொகுப்பாகக் கழன்று வரும். இந்தக் காரில் அப்படி இல்லை. ஸ்பிரிங் தனியாக, லோயர் ஆர்முக்கும் உடலுக்கும் நடுவில், பெரும் அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறது. பின்னாலும் அப்படியே. ஆர்மின் போல்ட்டைக் கழற்றினால் அதைத் தடுக்க எதுவும் இல்லை. வெளியே கொக்கி போட்டு இறுக்கும் சாதாரணக் கம்ப்ரஸர் இங்கே சரியாகப் பிடிக்காது. ஸ்பிரிங்குக்கு உள்ளே இரண்டு தட்டுகளை நுழைத்து, நடுத்தண்டால் இறுக்கும் கம்ப்ரஸர்தான் வேண்டும். அது உங்கள் பட்டறையில் இருக்கிறதா என்று கேளுங்கள், கண்ணால் பாருங்கள். "ஜாக்கி வைத்து மெதுவாக இறக்கிவிடலாம்" என்று பதில் வந்தால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நழுவும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும்.

கார் லிஃப்டில் ஏறுமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும், கடைசி இறுக்கத்துக்கு இதுதான் அளவுகோல். கூடவே, முன் லோயர் ஆர்மின் உட்புற போல்ட்களைப் பாருங்கள். அவை மையம் விலகிய தலையுள்ளவை. கேம்பரும் காஸ்டரும் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு) அவற்றால்தான் சரிசெய்யப்படுகின்றன. இருக்கும் நிலையைப் பெயின்ட்டால் குறித்துவிட்டுக் கழற்றுங்கள். பின் டோவுக்கும் இதேபோல் ஒரு போல்ட் இருக்கிறது.

பழைய புஷ்ஷை எடுக்க லேத் பட்டறைகளில் நெருப்பு வைத்து ரப்பரை எரிப்பார்கள். வேகமான வழிதான், ஆனால் புகை நஞ்சு, ஆர்மின் பெயின்ட்டும் போகும், பிறகு துரு ஏறும். பிரஸ்ஸில் அழுத்தி எடுப்பது மேல். வெளிக்குழாய் அசையாவிட்டால், ஹேக்ஸா பிளேடால் உள்ளிருந்து ஒரு கீறல் போட்டால் இறுக்கம் தளரும். ஆர்மின் துளையில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழையது வெளிவருமுன் அது எந்தத் திசையில், எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருந்தது என்று படம் எடுத்துவையுங்கள். சில புஷ்களில் ரப்பரில் வேண்டுமென்றே வெற்றிடம் விட்டிருப்பார்கள், அந்தப் பக்கம் மென்மையாகக் கொடுப்பதற்காக. திருப்பிப் போட்டால் கார் வேறு மாதிரி ஓடும். புதியதை உள்ளே அழுத்தும்போது வெளிக்குழாயின் விளிம்பில் மட்டும் அழுத்தம் விழ வேண்டும். உள்குழாயில் அழுத்தினால் பொருத்தும்போதே ரப்பரின் ஒட்டைக் கிழித்துவிடுவீர்கள். வழுக்கச் சோப்புத் தண்ணீர் போதும். எஞ்சின் ஆயிலும் கிரீஸும் ரப்பருக்கு ஆகாது.

சப்ஃப்ரேமை முழுவதும் இறக்காமல், ஜாக்கியில் தாங்கிச் சற்றே தாழ்த்தி, மவுன்ட்களை அதற்குரிய இழுவைக் கருவியால் மாற்றலாம். மவுன்ட் மட்டும் போயிருந்தால் அப்படியே செய்யுங்கள். உங்கள் காரில் தண்டுகளும் போயிருந்தால், முழுதாக இறக்கிவிடுவதே நல்லது என்பது என் எண்ணம். எல்லா போல்ட்டும் கைக்கு எட்டும், சப்ஃப்ரேமின் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கலாம், அது மாட்டும் இடத்தில் உடலின் இரும்பு எப்படி இருக்கிறது என்றும் பார்த்துவிடலாம். மவுன்ட் போல்ட்கள் உடலுக்குள் இருக்கும் மரையில் ஏறுகின்றன. முப்பது ஆண்டுத் துருவில் அவற்றை ஏர் கன்னால் அடித்து உடைத்துவிட்டால் பெரிய வேலை. முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, கையால் முன்னும் பின்னும் அசைத்துக் கழற்றச் சொல்லுங்கள். தாழ்த்தும்போது பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள், ஏபிஎஸ் வயர் எதுவும் இழுபடக் கூடாது. சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் வளையங்களையும் அதோடு மாற்றிவிடுங்கள்.

மாட்டும்போது எல்லா போல்ட்களையும் கையால் ஏற்றி, லேசாக மட்டும் பிடிக்கவிடுங்கள். தானே பூட்டிக்கொள்ளும் நட்கள் புதியவையாக இருக்கட்டும். பிறகு நான்கு தூண் லிஃப்டிலோ குழியின் மேலோ கார் தன் சக்கரங்களில் நிற்க, முன்னும் பின்னும் சில முறை அமுக்கி விட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். இரண்டு தூண் லிஃப்ட் மட்டும்தான் இருக்கிறதா? ஆர்மின் வெளிமுனைக்கு அடியில் ஜாக்கி வைத்து, நீங்கள் எழுதிவைத்த உயரம் வரும்வரை தூக்கி இறுக்குங்கள். தூக்கும்போது கார் லிஃப்டின் தாங்குகையிலிருந்து எழும்பிவிடாமல் ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்பிரிங்கோ சப்ஃப்ரேம் மவுன்ட்டோ மாறியிருந்தால் பழைய உயரம் சற்று மாறும். அப்போது ஒருமுறை ஓட்டி வந்து, எல்லாம் படிந்தபின் தரையில் வைத்தே எல்லாவற்றையும் தளர்த்தி மறுபடி இறுக்குவது நல்லது. இதற்குப் பட்டறையில் முணுமுணுப்பார்கள். பக்கத்தில் நின்று செய்யவையுங்கள்.

வரிசையைக் கேட்டிருந்தீர்கள். முதலில் பிரேக்கும் ஐட்லர் புஷ்ஷும், கூடவே ஷாஃப்ட் வட்டுகள். இவற்றோடு சில நாள் ஓட்டிப் பாருங்கள், பாதிக் குறை அங்கேயே தீர்ந்துவிடக்கூடும். மீதி இருந்தால் முன் லோயர் ஆர்ம், பிறகு பின் தண்டுகளும் சப்ஃப்ரேம் மவுன்ட்களும் ஒரே தடவையாக. அலைன்மென்ட்டுக்குப் பணம் ஒருமுறை மட்டும் கொடுங்கள், எல்லாம் முடிந்தபின். முன் டோவை மட்டும் பார்த்து அனுப்பும் கடைக்குப் போகாதீர்கள். நான்கு சக்கரத்தையும் அளந்து, பின் டோவையும் சரிசெய்து, அச்சிட்ட தாளைக் கையில் கொடுக்கும் இடமாகத் தேடுங்கள். புதுப் பின் டயர்களையும் அன்றைக்கே போட்டுக்கொள்ளலாம். அதற்கு முன்னால் வாங்கினால் தேய்ந்த புஷ்கள் அவற்றையும் தின்றுவிடும்.